மூன்று வியாழக்கிழமைப் பூஜ்ஜியங்கள்

மார்ச் 13, புதன்

பன்னிரண்டு வருஷமாக ஓடையிலும் குளத்திலும் பாசி மேல் நடக்கிறேன். ஒரு நாள் வழுக்கியதில்லை. இன்று காலை சொந்த வீட்டுக் குளியலறையில், சோப்புத் தண்ணீரில், மல்லாக்க விழுந்தேன். இவர் தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து தூக்கினார். தூக்கினவர் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா?

"குளத்துல விழுந்திருந்தா நாலு பூச்சியாவது கிடைச்சிருக்கும். இங்க என்ன கிடைச்சுது?"

வலது கணுக்கால் பன் மாதிரி உப்பிவிட்டது. நாளைக்கு வியாழன்.

மார்ச் 14, வியாழன்

போகவில்லை. முதல் தடவை.

நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு மூன்று வாரம் விடுமுறை. ஆனால் குளத்துக்கு விடுமுறை ஏது? ஒவ்வொரு வியாழனும் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் பத்துத் தடவை வலையை இழுக்க வேண்டும். வெள்ளைத் தட்டில் கொட்டி, தட்டான் குஞ்சு எத்தனை, நத்தை எத்தனை, தலைப்பிரட்டை எத்தனை, நீர்ப்பூச்சி எத்தனை என்று எண்ணி, எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிட வேண்டும். படிவத்தைப் போட்டோ எடுத்து, இந்த ஆராய்ச்சியை நடத்தும் மேடத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த மாதம் எது பெருகுகிறது, எது குறைகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. இந்தக் குளத்தில் ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. இதுதான் முதல் கோடை.

போகாத வாரம் கட்டத்தில் கோடு போட வேண்டும். அது விதி. பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒரு கோடு போட்டதில்லை. பட்டம் இல்லை, பதவி இல்லை, "அவங்க ஒரு வாரம்கூடத் தவறமாட்டாங்க" என்ற பேர் ஒன்றுதான் எனக்கு. அதுவும் எதில் போகிறது? சோப்புத் தண்ணீரில்.

அரை மணி நேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வாரமே குளம் பாதி வற்றிவிட்டது. இந்த வெயிலில் அதற்குள் என்ன உயிரோடு இருக்கும்? ஒன்றும் இருக்காது. நாலு கட்டத்திலும் பூஜ்ஜியம் போட்டேன்.

பொய்யா? ஊகம். ஊகத்தைப் படிவத்தில் எழுதினால் அதற்கு என்ன பேர்?

மார்ச் 21, வியாழன்

பூஜ்ஜியம்.

மார்ச் 28, வியாழன்

பூஜ்ஜியம். இந்தத் தடவை கை தயங்கவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 4, வியாழன்

நொண்டிக்கொண்டே போனேன். குளம் ஒரு அறை அளவுக்குச் சுருங்கிவிட்டது. கரையில் ஏழு கொக்கு. என்னைப் பார்த்ததும் ஏதோ பந்தியில் இடைஞ்சல் செய்த மாதிரி முறைத்துவிட்டு நகர்ந்தன. கொக்குக்கு அங்கே என்ன வேலை என்று அப்போதாவது என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

முதல் இழுப்பிலேயே வலை கனத்தது. தட்டில் கொட்டினால் ஒன்றன்மேல் ஒன்று நெளிகிறது. தட்டான் குஞ்சு பத்தொன்பது. நத்தை நாற்பது. நீர்ப்பூச்சிகளை எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. செத்துப்போயிருக்கும் என்று நான் பூஜ்ஜியம் போட்ட அத்தனையும் இருக்கிற தண்ணீரில் நெருக்கியடித்துக்கொண்டு குடும்பம் நடத்துகின்றன.

உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

ஏப்ரல் 8, திங்கள்

பென்சில் போன் செய்தாள். மேடம்தான். என்னைவிடப் பதினாறு வயது சின்னவள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதைத்தான் எப்போதும் தேடிக்கொண்டும் இருப்பாள். வாயால் மேடம் என்பேன். மனசுக்குள் பென்சில். அவளுக்கு நான் அக்கா.

"அக்கா! மூணு வாரம் ஒண்ணுமே இல்ல. ஒரு சொட்டு மழைகூட விழல. திடீர்னு பத்தொன்பது! எங்கேருந்து வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும் மேடம்?"

இந்த உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூன் 20, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. குளம் படிக்கட்டு வரை. வலையை எங்கே போட்டாலும் தலைப்பிரட்டை. முந்நூற்றுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டு அளந்து கணக்கிட்டேன் (அதற்கும் ஒரு முறை உண்டு, இது திருட்டு இல்லை). தட்டான் குஞ்சோ மூன்றே மூன்று. இவ்வளவு தண்ணீரில் அவற்றை எங்கே போய்த் தேட?

வீட்டுக்கு வந்தால் இவர், "உன் மேல பாசி வாடை வருது, கொக்கு கொத்திட்டுப் போயிடப் போகுது" என்கிறார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

பென்சில் ஒரு கோட்பாடே கட்டிவிட்டாள். கோடையில் எல்லாம் சேற்றுக்குள் போய் ஒளிந்துகொள்கின்றனவாம். மழை வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து வெளியே வருகின்றனவாம். கரும்பலகையில் வரைந்து காட்டினாள். நடுவில் ஒரு பள்ளம். மூன்று புள்ளிகள் தரையைத் தொட்டுக்கொண்டு.

அந்தப் பள்ளம் நான் விழுந்த பள்ளம்தான். சொல்ல வாய் எடுத்தேன். "அக்கா, வர்ற மார்ச் இருபத்தெட்டு கருத்தரங்குல இதைத்தான் பேசப்போறேன். இது நல்லா அமைஞ்சா வேலை நிரந்தரம்" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். டீ நல்லா இருக்கு மேடம் என்றேன். நான் எல்லாம் ஒரு மனுஷியா?

நவம்பர் 7, வியாழன்

பென்சில் கட்டுரையில் எனக்கு நன்றி எழுதியிருக்கிறாளாம். நின்றுகொண்டே வாசித்துக் காட்டினாள். "பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு வாரம்கூடத் தவறாத..." அதற்குமேல் காதில் விழவில்லை.

"அழறீங்களா அக்கா?"

"தூசி மேடம்."

ஜனவரி 12, ஞாயிறு

வலை கிழிந்துவிட்டது. இவர் புதிது தைத்துக் கொடுத்தார். அதே துணி, அதே வாய், அதே ஆழம்; மூன்று தடவை நாடாவைப் பிடித்து அளந்தார். "கல்யாண ஜாக்கெட்டுக்குக்கூட இவ்வளவு அளந்ததில்ல. போட்டுப் பாக்க ஆள்தான் இல்ல."

மார்ச் 5, புதன்

நாளையிலிருந்து கோடை வாரங்கள். ஒரு அல்ப ஆசை. இந்த வருஷமாவது நிஜமாகவே பூஜ்ஜியம் வந்துவிட்டால்? போன வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நிம்மதியாக இருக்கலாமே. பூச்சி எண்ணிச் சம்பளம் வாங்குகிறவள் பூச்சி இல்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நன்றாக இருக்கிறது!

மார்ச் 6, வியாழன்

தட்டான் குஞ்சு பதினான்கு.

மார்ச் 13, வியாழன்

இருபத்தாறு. கொக்குகள் வந்துவிட்டன. போன வருஷம் இதே வாரம் நான் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு பூஜ்ஜியம் போட்டேன்.

மார்ச் 20, வியாழன்

முப்பத்தொன்று. வற்ற வற்றக் கூடுகிறது. சந்தேகமே இல்லை.

மார்ச் 21, வெள்ளி

இனி என்ன, பென்சிலே போன வருஷக் கணக்கைச் சந்தேகப்படுவாள், நான் சொல்ல வேண்டியதே இருக்காது என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல நினைப்பு! அவள் சந்தேகப்பட்டது வலையை.

"அக்கா கணக்கு தப்பாகாது. ஜனவரியில வலை மாத்தினீங்கல்ல? தையல்ல ஏதோ கோளாறு. பை பெரிசாயிருக்கும், அதான் அதிகமா அள்ளுது."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லித் தொலைத்தேன். மனுஷன் மிஷினை நிறுத்திவிட்டார். முப்பது வருஷத்தில் யாரும் அவர் தையலைக் குறை சொன்னதில்லை. வலையை மேஜைமேல் விரித்து அளந்தார். பழைய வலையைத் தேடி எடுத்து அதையும் அளந்தார். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

"அப்ப போன மார்ச்சுல ஏன் ஒண்ணும் விழல?" என்றார். அப்புறம் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். "இரு இரு. போன மார்ச்சுல நீ கால் வீங்கிப் படுத்திருந்தியே. அப்ப யாரு போய் எண்ணினது?"

திட்டுவார் என்று நினைத்தேன். கேலியாவது செய்வார் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. இரண்டு வலையையும் மடித்து என் பையில் வைத்தார். "நாளைக்குக் கொண்டு போய்க் காட்டு. என் வலை மேல பழி வேண்டாம்."

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன். வலைகளை மேஜைமேல் வைத்தேன், மூன்று வாரம் நான் போகவே இல்லை என்றேன், குளியலறை, சோப்பு, கால், எல்லாம் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. கடைசியில், "பேர் போயிடும்னு பயந்துட்டேன் மேடம்" என்றேன்.

கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒரு கோடு போட்டிருந்தா போதுமே. எதுக்குப் பூஜ்ஜியம்?"

நான் வலைகளை மறுபடி மடிக்க ஆரம்பித்தேன்.

"போய்ப் பாத்து இல்லைங்கிறதும், போகாம இல்லைங்கிறதும் ஒண்ணா? இதை எனக்கு முதல் வருஷம் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?"

ஆமாம். நான்தான்.

"இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. நீங்க கிளம்புங்க."

நீங்க. அக்கா இல்லை. வாசலைத் தாண்டுவதற்குள் அந்த வார்த்தை வருமா வருமா என்று மெதுவாகவே நடந்தேன். வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

இன்று கருத்தரங்கு. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவர் கேலி செய்யவில்லை என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

ஏப்ரல் 10, வியாழன்

படிவம் வாங்கப் போனபோது அவளே சொன்னாள். கோட்பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த மூன்று வாரத்தைக் காலியாகவே காட்டிப் பேசினாளாம். தண்ணீர் சுருங்கச் சுருங்க உயிர்கள் நெருங்குகின்றன, கொக்குகளுக்கு அதுதான் விருந்து, மழை வந்ததும் சிதறுகின்றன என்று இந்த வருஷக் கணக்கை வைத்துச் சொன்னாளாம். கைதட்டல் சுமார்தான். இரண்டு கோடை சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்களாம். வேலை நிரந்தரம் இல்லை. ஒரு வருஷ நீட்டிப்பு.

என்னால் போன ஒரு வருஷம் அது. "மன்னிச்சிடுங்க மேடம்" என்றேன். "படிவத்தை எடுத்துக்குங்க" என்றாள். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கோபமாக இருக்கிறவள் அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது.

மே 15, வியாழன்

கட்டுரையின் நகல் மேஜைமேல் கிடந்தது. நன்றி வரி இப்போது: "பதின்மூன்று ஆண்டுகளில் மூன்று வாரங்கள் மட்டும் தவறியவர்." கீழே இன்னொரு வரி: "வலை தைத்துத் தந்த தையற்கலைஞருக்கும், அளவில் குறை இல்லை."

இவரிடம் காட்டினேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறார். இரண்டாவது வரியை மட்டும். நல்ல மனுஷன்.

ஜூன் 12, வியாழன்

காய்ச்சல். எழுந்து நிற்கவே முடியவில்லை. வெளியே நல்ல மழை. குளத்தில் தலைப்பிரட்டைகள் கொண்டாட்டமாக இருக்கும்.

"நான் போய் எண்ணிட்டு வரட்டா? பட்டன் எண்றவனுக்குப் பூச்சி எண்ணத் தெரியாதா?"

"நீங்க நத்தையைப் பட்டன்னு நினைச்சுச் சட்டையில தைச்சிடுவீங்க. சும்மா இருங்க."

படிவத்தை எடுத்தேன். நாலு கட்டத்திலும் கோடு போட்டேன். கீழே, "காய்ச்சல். போகவில்லை" என்று எழுதினேன். பதின்மூன்று வருஷத்தில் முதல் கோடு. கொஞ்சம் கோணல். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பத்து நிமிஷத்தில் அடித்தது.

"கோடு பாத்தேன்," என்றாள். மழைச் சத்தம்தான் கேட்டது, அவள் பக்கமும். அப்புறம், "மருந்து சாப்பிட்டீங்களா, அக்கா?"

சாப்பிட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்ல மேடம். இனிமேதான்."