மொன்றியல்காரி

பெப்ரவரி 21, 2025
வீட்டுக்காரரின் அறிவித்தல் வந்திருக்கிறது. யூலையிலிருந்து வாடகை கூடும். இருப்பதா போவதா என்று ஒரு மாதத்துக்குள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இருக்கிறோம் என்று பொருள். இந்த ஊர் வழக்கம் அது. நான் ஒருபோதும் எழுதியதில்லை.

மகள் நிரோஜா பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர்க்கில் வேலை செய்கிறாள். எங்கள் இருவரையும் அங்கே வந்துவிடச் சொல்கிறாள். மனைவி அக்னெஸ் ஒன்றும் சொல்லவில்லை. மொன்றியலை, இந்த சென்ட் லோரன்டை விட்டு இந்த வயதில் எங்கே போவது? போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வோம்.

பெப்ரவரி 24
சிநேகிதர் ஜெராட் இங்கே நடத்தும் மாதப் பத்திரிகைக்கு இப்போதும் எழுதுகிறேன். பயணத்தைச் சொன்னதும், “அண்ணை, போறதுதான் போறியள், அங்க குடியேறின வெளிநாட்டுச் சனம் எப்பிடிச் சீவிக்குதெண்டு ஒரு கட்டுரை கொண்டு வாங்கோ” என்றார்.

மார்ச் 9, ஸ்ட்ராஸ்பூர்க்
ஆற்றங்கரையில் மரச்சட்ட வீடுகள். பேராலயம் சிவந்த கல். அக்னெஸ் உள்ளே போய் முழங்காலிட்டாள். நான் வாசலில் ஒரு போர்த்துக்கேயத் தச்சரிடம் கதைத்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 12
கட்டுரைக்காகச் சந்தித்தவர்கள்: தாதி ஒருத்தி, கணினிக்காரர் இருவர், ஒரு பேராசிரியர். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: எங்கும் நடந்தே போகலாம், வைத்தியம் நல்லது. சிநேகிதர் யார் என்றால் தயங்குகிறார்கள். எத்தனை வருடமானாலும் இங்கே விருந்தாளிதான் என்றாள் தாதி. கட்டுரைக்கு முதல் வரி கிடைத்துவிட்டது.

மார்ச் 13
மழை.

மார்ச் 15
மத்தியானச் சாப்பாட்டில் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். நல்ல ஊர், எங்களுக்கான ஊர் அல்ல என்று முடித்திருந்தேன். நிரோஜா தட்டுகளை எடுக்கத் தொடங்கினாள்.

“எல்லாரையும் கேட்டிட்டியள்,” என்றாள் அக்னெஸ். “என்னைக் கேக்கேல்லை.”

கேட்டேன். நான் பேட்டிக்குப் போன காலைகளில் தனியே ட்ராம் ஏறிப் போய்வந்திருக்கிறாள். அவளுடைய பிரெஞ்சு, மொன்றியலில் மருந்துத் தொழிற்சாலையில் பொதி கட்டும் மேசையில் பழகியது. பேக்கரியில் பாண் கேட்டதும் அங்கிருந்த பெண் சிரித்துவிட்டு, மொன்றியலோ என்று கேட்டாளாம்.

“இருபத்தெட்டு வரியமா அங்க எந்த நாடெண்டு கேட்டினம். இஞ்ச வாயைத் திறக்க மொன்றியல்காரி எண்டுறாள். பஸ்ஸுக்கு நிண்டு நிண்டு என்ரை முழங்காலும் போட்டுது.”

முந்தியே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொல்லாட்டி இருக்கிறமெண்டுதானே நினைப்பியள்.”

மார்ச் 17
எனக்கு அங்கே ஜெராட் இருக்கிறார், பத்திரிகை இருக்கிறது, மெட்ரோவில் கண்டு சிரிக்கிற முகங்கள் இருக்கின்றன. அவளுக்கு என்ன இருந்தது? கூட இருந்த நான் இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

மார்ச் 20, சென்ட் லோரன்ட்
போகிறோம் என்று வீட்டுக்காரருக்கு எழுதிப் போட்டேன். கட்டுரையை ஜெராட்டுக்குக் கொடுக்கவில்லை.

மே 29
விசா வந்துவிட்டது. அக்னெஸ் பனிச் சப்பாத்தை யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

யூலை 1
ஊர் முழுக்க வீடு மாறும் நாள். நடைபாதையெல்லாம் மெத்தைகள். எங்கள் வீட்டுக்கு ஹெயிட்டியிலிருந்து வந்த இளம் தம்பதி வருகிறார்கள். பஸ் எப்படி என்று அந்தப் பெண் கேட்டாள். அக்னெஸ் அவளை வாசலுக்குக் கூட்டிப்போய்க் கை காட்டினாள். குளிர்காலத்தில் பஸ் தரிப்பில் நிற்காதே, மூலையிலுள்ள தெப்பனேர் சில்லறைக் கடையின் பக்கச் சுவரோடு நில், அங்கே காற்று அடிக்காது, பஸ் திரும்புவதும் தெரியும் என்றாள்.

அந்தக் கடையில்தான் எப்போதும் பால் வாங்குவேன். சுவரை இன்றுதான் பார்த்தேன்.