வசந்திக்கு வழிவிட்டவர்கள்

மே 6, செவ்வாய்

காலையிலிருந்தே தெற்குக் காற்று. ஆப்பிரிக்க மண் முழுவதும் எங்கள் பால்கனியில். காயப்போட்ட துணியெல்லாம் செம்மண் நிறம். மறுபடி தோய்க்க வேண்டும்.

வாங்க: மீன், மிளகாய்த்தூள், வசந்திக்கு இரும்புச்சத்துக் குளிசை.

பாரிசிலிருந்து ராஜி அக்காவின் தொலைபேசி அழைப்பு. என் மனைவி வசந்தியின் மூத்த சகோதரி. இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி மெஷினோடு. வசந்தியுடையது பொருந்தும் என்று இங்கே சிசிலி டொக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பிரான்சுக்குப் போய், அங்கே ஒரு நீதிபதி முன் சம்மதம் சொல்லி, அதன் பிறகே ஒப்பரேஷன். ஆனால் போவது எப்படி? பழைய பெர்மெசோ, அதுதான் வதிவிட அனுமதி, காலாவதி. நிரந்தர அட்டைக்குப் போட்ட விண்ணப்பம் அசையவே இல்லை. கையில் வெறும் ரசீது. அதை வைத்து இங்கே வேலை செய்யலாம், பிரான்சுக்குள் நுழைய முடியாது.

"உமக்குப் பயமில்லையே?" என்று வசந்தியைக் கேட்டேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டே, "பயம்தான். அவளுக்கு ஒண்டும் இல்லை, எனக்கு ரெண்டு கிடக்கு" என்றாள்.

கறிக்கு உப்புக் காணாது என்பது போலச் சொல்கிறாள். என்னோடு இத்தனை காலம் ஒரே வீட்டில் இருப்பவள், இந்தத் துணிவை நான் கண்டதில்லை.

மே 7, புதன்

காற்று அடங்கிவிட்டது. காஸ் முடிந்தது.

பின்னேரம் மாலினி வந்தா. மொரீசியஸ்காரி, மேல்மாடி வீட்டில் சமையல் வேலை. தமிழில் சாமி கும்பிடத் தெரியும், மற்றதெல்லாம் இத்தாலியன். அவவுடைய அட்டையும் வரவில்லை. மகனின் கலியாணத்துக்கு லண்டன் போக வேண்டும். ஒவ்வொருவராய்ப் போய்க் கேட்டுப் பயனில்லை, நாளைக்கு எல்லோரும் சேர்ந்து போவோம் என்கிறா. எல்லோருடைய ரசீதுப் பிரதிகளும் ஒரு பையில் அவவிடம்.

எனக்கு விருப்பமில்லை. கூட்டம் கூடினால் கோபப்படுவார்கள் என்ற பயம். வசந்தி சேலை மடித்தபடி, "நீங்கள் வராட்டிலும் நான் போறன்."

மே 8, வியாழன்

போனேன்.

அட்டை கொடுக்கும் அலுவலக வாசலில் மதிலோரம் நின்றோம். எங்கள் ஆட்கள், வங்காளிகள், கானாக்காரர். எனக்குப் பக்கத்தில் இந்திரன், மட்டக்களப்புப் பெடியன். மொண்டெல்லோ கடற்கரை ரெஸ்டோரண்டில் அவனுக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறது. ரசீதோடு வேலை செய்யலாம் என்றாலும் முதலாளி நம்பவில்லை. அட்டை கொண்டு வந்தால்தான் சீசனுக்கு எடுப்பாராம்.

கண்ணாடியைத் தலைமுடியில் குத்திக்கொண்டு ஒரு பெண் அதிகாரி வெளியே வந்தா. யார் பேசப் போவது என்று கேட்டா. எல்லோரும் மாலினியைப் பார்த்தோம். மாலினி பையை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் நகர்ந்தா.

வசந்தி முன்னால் போனாள். கடைக்காரனிடம் மிச்சக் காசு கேட்கவும் என்னை அனுப்புகிறவள். பகேரியாவில் அவள் பராமரிக்கிற வயதான சிஞ்ஞோரா அம்மாவிடம் கற்ற இத்தாலியன், பாதி சிசிலியன். அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினா.

"எங்களுக்கு உரித்தில்லாததைக் கேட்கவில்லை," என்றாள் வசந்தி. "பதிலைக் கொஞ்சம் விரைவாகத் தாருங்கள். இவருக்கு வேலை போகப் போகிறது. இந்த அம்மா மகனின் கலியாணத்துக்குப் போக வேண்டும். நான் என் அக்காவுக்குச் சிறுநீரகம் கொடுக்கப் போக வேண்டும்."

அதிகாரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தா. "உங்களுடையதை இன்றே பார்க்கிறேன். உள்ளே வாருங்கள்."

வசந்தி அசையவில்லை. "அப்போ இவர்கள்?"

விசர் பிடித்ததா இவளுக்கு?

பின்னாலிருந்து இந்திரன், "அக்கா, நீங்கள் போங்கோ. எங்கடையைப் பிறகு பாப்பம்."

சொல்லிவிட்டு ஒதுங்கினான். தமிழ் விளங்காத வங்காளிகளும் ஒதுங்கினார்கள். கானாக்காரர் ஒருவர் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகினார். வாசல் வரை வெறும் பாதை. எல்லோரும் அவளை விட முந்தி வந்து நின்றவர்கள். கோயில் கதவு திறக்கும்போது மட்டும்தான் அப்படியொரு அமைதி கேட்டிருக்கிறேன்.

வசந்தி மாலினியின் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எல்லோருடைய ரசீதையும் மேசையில் வைத்துவிட்டு, தன்னுடையதைக் கடைசியாக வைத்தாளாம். வேலையும் நோயும் சம்பந்தப்பட்டவற்றை முதலில் எடுப்பதாக அதிகாரி சொன்னாவாம். வாக்குக் கொடுக்கவில்லை.

பஸ்சில் அவள் என் தோளில் தூங்கிவிட்டாள்.

மே 21, புதன்

வெயில். வசந்தியின் அட்டை வந்துவிட்டது. எவ்வளவு சின்னது, பஸ் பாஸ் மாதிரி.

இந்திரனுக்கும் அட்டை எடுக்க அழைப்பு வந்ததாம். ஆனால் மொண்டெல்லோவில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். சந்தையில் கண்டேன்.

"அண்ணை, அக்கா எப்ப போறா?" என்று கேட்டான். வேறொன்றும் இல்லை. தக்காளிப் பெட்டி இறக்கும் வேலை பிடித்துவிட்டானாம்.

மாலினிக்கு இன்னும் வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

பாரிசிலிருந்து வசந்தி எடுத்தாள். கொடுக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினார்களா என்று நீதிபதி கேட்டாராம். "இல்லை எண்டு சொன்னன். பிறகு அவர் எழும்பி நிண்டு கை தந்தவர்." அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கம்.

ஜூன் 30, திங்கள்

இன்றைக்கு ஒப்பரேஷன். வேலைக்குப் போகவில்லை. போனைச் சார்ஜரிலேயே வைத்துக்கொண்டு சுவரோடு இருந்தேன். வெக்கை. சாப்பிடவில்லை.

பின்னேரம் ராஜி அக்காவின் கணவர் எடுத்தார். "தம்பி, ரெண்டு பேரும் கண் முழிச்சிட்டினம்."

"வசந்தி?"

"நோகுதாம். தேத்தண்ணி கேட்டவ, இப்ப குடுக்கக்கூடாதாம்."

"அக்கா?"

அக்காவுக்குச் சிறுநீர் போவது நின்று எத்தனையோ காலம் என்று அப்போதுதான் சொன்னார். எங்களுக்குத் தெரியாது.

"பொருத்தின உடனை மேசையிலேயே சலம் போகத் தொடங்கிட்டுதாம், தம்பி. ஒரு பை நிறைஞ்சிட்டுது. இப்ப ரெண்டாவது பை மாத்துகினம், நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."