வேலி நின்ற இடம்

3 ஆகஸ்ட் 2016

கள்ளிமடல்களில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. நகத்தால் நசுக்கினேன், விரலெல்லாம் சிவப்பு. பூச்சிதான். துக்காலாப் பக்கம் வேலிகளைத் தின்று தீர்த்த அதே சனியன் என் வேலிக்கும் வந்துவிட்டது.

7 ஆகஸ்ட்

நாலு நாளாகச் சோப்புத் தண்ணீரும் துடைப்பமுமாக நிற்கிறேன். பெரிய முள் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும், பிடுங்கிவிடலாம். இந்தச் சுணைதான் கழுத்து, இமை, உள்ளங்கை என்று எங்கெங்கோ ஏறுகிறது. அண்ணன் பூஅஸ்ஸா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தேநீர் குடித்தபடி வேடிக்கை பார்த்தான்.

"செத்ததக் குளிப்பாட்டுற மாதிரி இருக்கு, ஹனியா."

வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன். ஏன் விழுங்கினேன்?

20 ஆகஸ்ட்

ஊர் அதிகாரி வந்தார். பூச்சி பிடித்த கள்ளியை எல்லாம் பிடுங்கிப் புதைக்க வேண்டுமாம். வியாழக்கிழமை இயந்திரம் வருகிறதாம்.

அப்பா இறந்த வருஷம், ஊரே முகம் சுளிக்க, என் பங்கு நிலத்தைக் கேட்டு வாங்கியவள் நான். அந்த வாரமே எல்லை நெடுக என் கையால் மடல் நட்டேன். பத்திரம் எதுவும் எழுதவில்லை. பதினொரு வருஷமாக எல்லை என்றால் இந்த வேலிதான்.

பிடுங்குமுன் அளந்து எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

"அண்ணன் தங்கச்சிக்குள்ள எதுக்கும்மா அளவெல்லாம்?"

இவர் தன் தங்கைக்கு எத்தனை அடி நிலம் கொடுத்தாராம்?

25 ஆகஸ்ட்

பிடுங்கிவிட்டார்கள். அரை நாள்கூட ஆகவில்லை.

12 நவம்பர்

மழை விட்ட மறுநாளே அண்ணன் ஏர் பூட்டிவிட்டான், பாவி. என் பக்கம் பத்தடி உள்ளே! ஓடிப்போய்க் கோவேறு கழுதைக்கு முன்னால் நின்றேன்.

"இங்கதான் வேலி இருந்துச்சா? எங்க, காட்டு பாப்போம்."

"உன் கணுக்கால்ல என் முள்ளு கிழிச்ச தழும்பு இருக்குல்ல, அதக் கேளு."

கழுதையைத் தட்டி ஓட்டினான். விலகிக்கொண்டேன்.

அதிகாரி சாட்சி கொண்டுவரச் சொல்கிறார். அவனுக்கு எதிராக இந்த ஊரில் எவன் வருவான்? மாவு பிசையும்போது அழுதேன். பயத்தில் இல்லை — ஆத்திரத்தில்.

2 ஜனவரி 2017

என் மண்ணில் அவன் பார்லி. நல்லா வேற வளந்து தொலைக்குது.

26 மார்ச்

பார்லிக்கு நடுவே பச்சை மடல்கள்! கன்றுக்குட்டி நாக்கு அளவுதான் இருக்கும். இயந்திரம் மண்ணுக்குள் விட்டுப்போன அடிக்கட்டைகள் துளிர்த்திருக்கின்றன. கிணற்றடி தொடங்கி ரோடு வரைக்கும் முப்பத்தொன்று.

அதிகாரியைக் கையோடு இழுத்து வந்தேன். கூடவே நாலு பேர் வந்தார்கள். கயிறு கட்டிப் பார்த்தார்கள். ஒரு மடல்கூடக் கயிற்றை விட்டு விலகவில்லை. பூஅஸ்ஸாதான் வாயைத் திறந்தான்.

"பூச்சி திரும்ப வரும். பிடுங்கணும்."

"பிடுங்கலாம். முதல்ல கையெழுத்துப் போடு."

9 ஏப்ரல்

அளந்து எழுதியாயிற்று. அண்ணன் கையெழுத்துப் போட்டான், என் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு முப்பத்தொன்றையும் நானே பிடுங்கினேன். ஒவ்வொரு குழியிலும் ஒரு கல் நட்டேன். உள்ளங்கை முழுக்கச் சுணை. எடுக்க மனசு வரவில்லை.