பச்சை வண்டியின் புகைப் பம்பு

மார்ச் 4, திங்கள்
வண்டியின் புகைப் பம்பு, அதாவது புகையைக் குறைக்க இஞ்சினுக்குள் காற்று ஊதுகிற பம்பு, இறுகிப்போய் பெல்ட் பன்றி மாதிரிக் கத்துகிறது. மகள் மார்லீன் பார்த்துவிட்டு, "அம்மா, இது இப்ப எங்கயும் கிடைக்காது. இவ்வளவு பழைய வண்டிக்குப் புகைச் சோதனையும் இல்ல. இஞ்சினோட பலத்தைத்தான் தின்னுது. கழட்டிடலாம்" என்றாள்.

எழுபத்து நாலில் பழப் பெட்டி அடுக்கிச் சம்பாதித்து வாங்கின வண்டி. இரண்டு சீட், பச்சை. அந்தக் கோடையிலேயே தெஹாச்சபி மலை ஏற்றத்தில் நாத்தனார் வெர்லா, அதே வருஷத்து அதே வண்டியில், என்னைத் தாண்டிப் போய் ஜன்னல் வழியே கைக்குட்டை ஆட்டினாள். மஞ்சள், ஓரத்தில் ரோஜா. மறப்பேனா?

சாவதற்குள் ஒரு தடவை அந்த ஏற்றத்தைக் கியர் குறைக்காமல் நாலாவதிலேயே ஏறணும்.

மார்ச் 9, சனி
பம்பு, குழாய் எல்லாம் கழற்றியாயிற்று. இப்போது இஞ்சினில் நாலு துளை திறந்து கிடக்கிறது. அடைக்கிற திருகு ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. மார்லீன் வெர்லாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். யாரைக் கேட்டு?

மார்ச் 10, ஞாயிறு
வெர்லா வந்தாள். கண் மங்கி, வண்டியை விற்று எத்தனையோ வருஷம். உருளைக்கிழங்கு சாலட்டோடு ஒரு காபி டப்பா. உள்ளே நாலு திருகு. கச்சிதமாகப் பொருந்தின.

"இது உன்கிட்ட எப்படிடீ?"

"வாங்கின வாரமே என் வீட்டுக்காரர் பம்பைக் கழட்டிட்டார், அண்ணி. விக்கறப்பதான் திரும்ப மாட்டினோம். இது மிஞ்சிப்போச்சு."

"அப்ப அந்த ஏத்தத்துல—"

"பம்பு இல்லாமத்தான்."

இத்தனை வருஷமா எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேனே, பாவி.

"ஏமாத்துக்காரி."

"நீங்க கேக்கவே இல்லையே, அண்ணி."

சிரிப்பு வந்துவிட்டது. பல்செட் கழன்று விழுகிற அளவுக்கு.

மார்ச் 11, திங்கள்
சாலட்டில் உப்பு இல்லை. என்றைக்குத்தான் இருந்தது.

மார்ச் 17, ஞாயிறு
வெர்லாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏற்றத்துக்குப் போனேன். நாலாவது கியர். வண்டி திணறவில்லை. இது என் ஆசையா, நிஜமா? நிஜம்தான் — ஒரு சிவப்புப் பிக்கப் வண்டியைத் தாண்டினேன்.

"அதை ஓட்டறவன் மூஞ்சி எப்படியிருக்கு, அண்ணி? எனக்குத் தெரியல."

"திரிஞ்ச பாலைக் குடிச்ச மாதிரி."

கைப்பையைத் துழாவினாள். மஞ்சள் கைக்குட்டை. ரோஜா வெளுத்திருந்தது.

"நான் ஆட்டவா, நீங்க ஆட்டறீங்களா?"

வாங்கி நானே ஆட்டினேன், உச்சி வரைக்கும்.

திருப்பிக் கொடுக்கவில்லை.