பத்தடி என்று எழுதிய அறை

14.6.2004, திங்கள்

இன்றும் வேணுகோபால் அண்ணன் வீட்டு பிளான்தான். இந்த ஊரில் தறிக்காரர் வீடெல்லாம் ரயில் பெட்டி மாதிரி, நீளம் உண்டு, அகலம் கிடையாது. இவர் வீட்டில் சுவருக்குச் சுவர் பன்னிரண்டரை அடி. முன்ரூம் அப்படியே இருக்க, அதன் பின்னால் புதிதாக ஒரு படுக்கையறை, ஓரமாகப் பின்பக்க பாத்ரூமுக்குப் போக ஒரு நடை, இரண்டுக்கும் நடுவில் ஐந்து அங்குலச் சுவர். நடை இரண்டே முக்கால் அடிக்குக் குறையக் கூடாது. சக்கர நாற்காலி போக வேண்டும்.

அவர் மனைவி ஜெயம் அக்காவுக்குப் போன வருஷம் விழுந்ததிலிருந்து கால் இரண்டும் வரவில்லை. அளவெடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு தூக்காம நானே ஒரு நாளு பாத்ரூம் போயிட்டு வரணும் செல்வி. வேற ஒண்ணும் கேக்கல."

ஆட்டோகேடில் எட்டு விதமாகப் போட்டுப் பார்த்தேன். அறைக்கு மிஞ்சுவது ஒன்பதடி நாலங்குலம். அதற்கு மேல் ஒரு நூல்கூட வராது.

16.6.2004

மனையடி சாஸ்திரம் குறுக்கே வந்து நிற்கிறது. "ஒம்பது ஆகாதும்மா. ரூம்பு பத்தடி இருக்கணும். இல்லன்னா கடக்காலே போட மாட்டேன்" என்கிறார் வேணுகோபால் அண்ணன். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தால் எங்களுக்கு எல்லா அளவும் நல்ல அளவு. வாயைத் திறந்து சொல்லவில்லை.

17.6.2004

எங்கள் என்ஜினியர் கமலக்கண்ணன் சார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "கோட்ட தொடாத. எழுத்த மட்டும் மாத்திக் குடு. அவருக்கு நம்பர்தானம்மா வேணும்?" சுவரை நகர்த்தாமல், அளவின் மேல் பத்தடி என்று தட்டினேன். நடையின் அளவையும் மொத்த அகலத்தையும் அழித்தேன், யாராவது கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்குமே. வேணுகோபால் அண்ணன் சிரித்துக்கொண்டே பிரிண்டை வாங்கிப் போனார்.

மேஸ்திரிக்குச் சரியான பிரிண்ட் தனியாக எடுக்க வேண்டும்.

28.6.2004

இன்று மட்டும் ஏழு பிளான். கண் எரிகிறது.

24.7.2004, சனி

காலையிலேயே வேணுகோபால் அண்ணன் போன். சுவர் எழுப்பிப் பூச்சும் முடிந்துவிட்டதாம். நாற்காலி நடைக்குள் நுழையவில்லை. அளந்தால் இரண்டடி ஓர் அங்குலம். நாற்காலியே அதைவிட அகலம். பின்னால் ஜெயம் அக்கா அழும் சத்தம் போனிலேயே கேட்டது.

பதறிப்போய் ஃபைலைத் திறந்தேன். நடையை அளந்தேன். இரண்டடி ஒன்பது. மறுபடி அளந்தேன். அதே. "பிளான் சரியா இருக்கு சார். மேஸ்திரிதான் தப்பா விட்டுட்டாரு" என்று கமலக்கண்ணன் சாரிடம் சொன்னேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது, சொல்லும்போது.

26.7.2004

மேஸ்திரி குப்புராஜை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சந்தவாசல்காரர். ஆபீசுக்கே வந்துவிட்டார். "நீ போட்ட நம்பரத்தாம்மா விட்டேன்" என்றார். பிரிண்ட் எங்கே என்றால், சிமெண்ட் தண்ணீரில் ஊறிக் கிழிந்துபோனதாம். "டேப்பு புடிக்கத் தெரியாதவன்லாம் மேஸ்திரின்னு வந்துட்றான்" என்று சார் நாலு பேர் எதிரில் கத்தினார். நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

27.7.2004

இருபது வருஷம் கரண்டி பிடித்தவர் எட்டு அங்குலம் தவறுவாரா? ‘நீ போட்ட நம்பர்’ – எந்த நம்பர்?

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு மறுபடி திறந்தேன். இந்த முறை நடையை விட்டுவிட்டு அறையை அளந்தேன். எழுத்து பத்தடி என்கிறது. கோடு ஒன்பது நாலு என்கிறது. சரியாக எட்டு அங்குலம்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைத் திருப்பினேன். ஜூன் பதினேழு. என் கையெழுத்து. தனியாக எடுக்க வேண்டும் என்று நானே எழுதியிருக்கிறேன்.

எடுத்தியாடி? அண்ணன் வாங்கிக்கினு போனதுதான் மேஸ்திரி கைக்குப் போயிருக்கு. ஐயோ, அந்த ஆளு எதுர்ல நின்னு சொன்னப்ப நான் தலையக்கூடத் தூக்கலியே.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதையும் எழுதி வைக்கிறேன்.

28.7.2004

சாரிடம் சொன்னேன். "கம்முனு இரு. ஆபீஸ் பேரு கெட்டுடும். அவனுக்கு வேற எடமா இல்ல?"

1.8.2004, ஞாயிறு

பூசைக்கு முன் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். பாதியில் வெளியே வந்துவிட்டேன். சாமியார் மன்னித்துவிடுவார், அவரா சுவர் கட்டினார்? நேராக சந்தவாசல் பஸ் ஏறினேன்.

குப்புராஜ் வாசலில் உளி தீட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நிறுத்தவில்லை. பிறகு, "எம் பொண்டாட்டியே நம்பிட்டாம்மா, நான்தான் தப்பு பண்ணேன்னு" என்றார். "உள்ள இருக்கா. அவகிட்ட சொல்லு."

அவர் மனைவி விருத்தாம்பாளிடம் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். சாரிடம் சொன்னதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார்.

2.8.2004

நானும் குப்புராஜும் வேணுகோபால் அண்ணன் வீட்டுக்குப் போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சுவரில் சாய்ந்துவிட்டார். "அப்ப இடிச்சா ஒம்பதுதான் வருமா? வாணாம். சுவரு இருக்கட்டும். எப்பவும்போல நானே தூக்கிக்கினு போறேன்."

கட்டிலிலிருந்து ஜெயம் அக்கா கேட்டார்: "முன்ரூம்பு எத்தினி அடிங்க?"

"பதினாறு."

"சாஸ்திரம் பாத்துதான கட்னீங்க?"

"ஆமா."

"அங்கதான நான் உழுந்தேன்."

அக்கா குப்புராஜைப் பார்த்து, "இடிங்க மேஸ்திரி" என்றார்.

4.8.2004

சார் ஆபீஸ் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆறு வருஷ வேலை போயிற்று. அழுதேன். வேறென்ன செய்வது?

29.8.2004, ஞாயிறு

குப்புராஜ் சொல்லியனுப்பியிருந்தார், போனேன். டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "நீயே புடிச்சிப் பாரு." இரண்டடி ஒன்பது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டார். என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

ஜெயம் அக்கா தானே சக்கரத்தைத் தள்ளினார். முழங்கை சுவரில் உரசாமல் போனது. பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வேணுகோபால் அண்ணன் வெளியே நின்றார். "ஜெயம்? ஆச்சா?"

"அங்கியே நின்னுக்கினு இருந்தா எப்பிடிங்க? போங்க அந்தாண்ட."

அவர் முன்ரூமுக்கு வந்து உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.