இருபத்தாறு ‘இல்லை’

ஆலங்குடி
4.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். இருபத்தாறு கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்து, கீழே தங்கமுத்து என்று கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

‘சிறுவயதில் பொருட்களை அடிக்கடி தொலைத்தாரா?’ இல்லையாம். ஒரே காலாண்டில் மூன்று சாப்பாட்டு டப்பாவைத் தொலைத்த பெண்ணுக்கு அப்பா நீங்கள்தானே?

அந்தத் தாள் எதற்கு என்று போன மாதம் நீங்கள் வீட்டுக்கு வந்தபோது சொன்னேன். நீங்கள் தலையாட்டிக்கொண்டே ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். அது இன்னும் கழற்றியபடியே இருக்கிறது. அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

ஏப்ரலில் ஆன்லைன் பி.காம். தேர்வு. லேப்டாப் கேமரா முன்னால் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். எனக்குக் கை சும்மா இருந்தால் கண் எழுத்தின்மேல் நிற்காது. வருஷம் முழுக்கப் பாடம் கேட்டதே மடியில் முறத்தை வைத்துக் கடலை உரித்துக்கொண்டுதான். தேர்விலும் மடியில் ஒரு கிண்ணம் கடலை வைத்திருந்தேன். தப்பு என்று தோன்றவே இல்லை. தோள் ஆடுகிறது, கண் கீழே போகிறது என்று கேமரா நாற்பத்தொரு முறை குறித்துவைத்திருக்கிறது. நான் பார்த்து எழுதினேன் என்று பல்கலைக்கழகத்திலிருந்து மெயில். ஜூன் 30-க்குள் டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் மறுதேர்வு. இல்லையென்றால் இரண்டு வருஷத் தடை.

புதுக்கோட்டை டாக்டரம்மா என்னை இரண்டு முறை பார்த்துவிட்டார். ஏ.டி.ஹெச்.டி. மாதிரி தெரிகிறது என்கிறார். கவனம் ஓரிடத்தில் நிற்காத, சும்மா இருக்கத் தெரியாத மூளைக்கு அதுதான் பெயர். சின்ன வயசிலேயே இருந்திருக்க வேண்டுமாம். “அப்ப ஒன்னய வளத்தவங்க யாராவது சொல்லணும்மா” என்று அந்தக் கேள்வித் தாளைக் கொடுத்தார். அம்மா என் நாலு வயசிலிருந்து பன்னிரண்டு வயசுவரை திருப்பூர் பனியன் கம்பெனியில். எனக்குத் தலை சீவிவிட்டு, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது நீங்கள். சாட்சி நீங்கள் ஒருவர்தான். அந்தச் சாட்சியும் பிறழ்ந்துவிட்டது.

இந்தக் கவரில் வேறு தாள் வைத்திருக்கிறேன். போனில் வேண்டாம். ஐஸ் உடைக்கிற மிஷின் சத்தத்தில் உங்களுக்கு ஒன்றும் கேட்பதில்லை. நானும் வாட்ஸ்அப்பை அழித்துவிட்டேன், அதைத் திறந்தால் வகுப்பு போய்விடுகிறது.

உங்கள் மகள்,
கலைமதி


மணமேல்குடி
9.6.2025

அன்பு மகள் கலைக்கு,

ஐஸ் கம்பெனியிலிருந்து அப்பா. நான் சுகம்தான். உன் கடிதத்தைப் பார்த்தால் நீதான் கொதித்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிகிறது. இங்கே ஐஸ் நிறைய இருக்கிறது, கொஞ்சம் அனுப்பட்டுமா?

பொய் சொல்லவில்லை, ஆத்தா. முதல் கேள்வியைத்தான் படித்தேன். மற்றதைப் படிக்கவில்லை. எறா படகு வந்துவிட்டது. பேனாவை எடுத்தேன், மேலிருந்து கீழே போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

ஆனால் படித்திருந்தாலும் ‘இல்லை’ என்றுதான் போட்டிருப்பேன். இலுப்பூர் அத்தை போன வாரம் போன் பண்ணினாள். “ஏண்ணே, புள்ளைய பயித்தியக்கார டாக்டருக்கிட்ட கூட்டிட்டுப் போறீகளாம்ல?” என்றாள். தன் மகன் விக்ரமுக்கு உன்னைக் கேட்கிற எண்ணம் அவளுக்கு உண்டு, உனக்கும் தெரியும். கையெழுத்துப் போட்ட தாள் எங்கே போகும் என்று யார் கண்டது? இன்றைக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பாய், நாளைக்கு இலுப்பூர் கடைத்தெருவில் அதைப் படிப்பார்கள்.

நீ நல்ல பிள்ளை. சுறுசுறுப்பு. அதற்கு ஏன் ஒரு இங்கிலீஷ் பெயர்?

அம்மாவிடம் சொல், ரெகுலேட்டரை அடுத்த தடவை வந்து மாட்டிவிடுகிறேன்.

அப்பா


ஆலங்குடி
13.6.2025

அப்பா,

சுறுசுறுப்பு என்றால் இரண்டு வருஷத் தடை எதற்கு? இதே மூளை பணக்கார வீட்டில் பிறந்திருந்தால் ஐந்து வயசிலேயே டாக்டர் பார்த்திருப்பார், தனியாக டீச்சர் வைத்திருப்பார்கள். நான் ஆலங்குடியில் பிறந்ததால் ‘அடங்காப்பிடாரி’. பையனாக இருந்திருந்தால் ‘துறுதுறு’ என்றாவது சொல்லியிருப்பார்கள். விக்ரம் மூன்று வேலையைப் பாதியில் விட்டவர். அவருக்கு யாரும் எந்தத் தாளும் கேட்கவில்லை.

நான் சும்மா இருந்து கெட்டுப்போகவில்லை என்பதாவது உங்களுக்குத் தெரியட்டும். ஆறு பாடம், ஆறுக்கும் ஆறு கடைசித் தேதி. எல்லாம் போர்ட்டலுக்குள் வேறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். கம்பெனிச் சட்டம் பார்க்கத் திறப்பேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒட்டகச்சிவிங்கி எப்படித் தூங்குகிறது என்று படித்துக்கொண்டிருப்பேன். கண்ணுக்கு முன்னால் இல்லாத வேலை எனக்கு இல்லாத வேலை. அது புரிந்ததும் ஒவ்வொரு அசைன்மென்ட்டையும் தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். முடித்ததைக் கழற்றி அடுப்பில் போடுவேன். “துணி காயப்போட எடமில்ல, இவ பரிச்சையக் காயப்போடுறா” என்று அம்மா தெருவுக்கே கேட்கச் சொன்னது. ஆனால் கொடி கட்டிய பிறகு ஒரு அசைன்மென்ட்கூடத் தவறவில்லை.

இன்னொன்று. பக்கத்து வீட்டு சரண்யா தன் தையல் மிஷினை நம் வீட்டுக் கூடத்தில் போட்டிருக்கிறாள். அவள் ஜாக்கெட் தைப்பாள், நான் படிப்பேன். பேசமாட்டோம். மிஷின் ஓடும்வரை நானும் ஓடுகிறேன். அவள் நூல் மாற்ற நிறுத்தினால் நானும் நின்றுவிடுகிறேன். இது ஏன் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. தனியாக இருந்தால் பத்து நிமிஷம், பக்கத்தில் இன்னொருத்தி வேலை செய்தால் இரண்டு மணி நேரம். என்ன மாதிரி மண்டை இது?

அதனால் கேட்கிறேன். சான்றிதழை விடுங்கள். டாக்டருக்கு இல்லை, எனக்குச் சொல்லுங்கள். நான் சின்னப் பிள்ளையாக எப்படி இருந்தேன்? அந்த எட்டு வருஷத்தைப் பார்த்தவர் நீங்கள் மட்டும்தான்.

கலை


மணமேல்குடி
19.6.2025

கலைம்மா,

உனக்கு என்று கேட்டதால் எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுதுகிறேன், நடுவில் நடுவில் எழுந்து போய்விடுகிறேன்.

ஒன்றாம் வகுப்பில் உன்னை வாசல் பக்கம் உட்காரவைத்திருந்தார்கள். ஏன் டீச்சர் என்று கேட்டேன். “எப்புடியும் எந்திரிச்சுப் போவா, நடுவுல உக்காந்தா மத்த புள்ளைகள மிதிச்சுட்டுப் போறா” என்றார். பிறகு அந்த டீச்சரே சாக்பீஸ் டப்பாவை உன்னிடம் கொடுத்து எல்லா வகுப்புக்கும் அனுப்பப் பழகிக்கொண்டார். போய் வந்தால் அரை மணி நேரம் அடங்கி உட்காருவாயாம்.

வாய்ப்பாடு உனக்கு உட்கார்ந்து வரவே இல்லை. கடலைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் வரப்பில் நடக்கவிட்டேன். ஒரு வரப்புக்கு ஒரு வாய்ப்பாடு. பதினாறாம் வாய்ப்பாடு வரும்போது கொல்லை முடிந்துவிட்டது, சோலையப்பன் கொல்லைக்குள் இறங்கிவிட்டோம். அவர் “அப்பனும் மகளும் என் கடலைய மிதிச்சுக் கணக்குப் படிக்கிறீகளா?” என்று மண்கட்டியை எடுத்து எறிந்தார்.

ஒரு நாள் சர்க்கரை வாங்க அனுப்பினேன். மூன்று மணி நேரம் ஆளைக் காணோம். நான் கிணறு கிணறாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தால், நீ தலைமுதல் கால்வரை சாம்பல் நிறத்தில் வருகிறாய். போர் போடுகிற லாரி பக்கத்தில் நின்றிருக்கிறாய். சர்க்கரையும் இல்லை, பையும் இல்லை. “அப்பா, எரநூறு அடிக்குக் கீழ கல்லு கலரு மாறுதுப்பா” என்றாய். அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு என்ன கலர் என்று கேட்டேன்.

இதெல்லாம் நோயா? எனக்கும் இப்படித்தான். லாரி கிளீனர், முந்திரிக் கொட்டை உடைக்கிற இடம், டீக்கடை, செங்கல் சூளை என்று பதினொரு வேலை பார்த்தேன், எதிலும் ஒரு வருஷம் தாண்டவில்லை. அதனால்தான் உன் அம்மா திருப்பூர் போக வேண்டியதாயிற்று. இங்கே மட்டும் ஆறு வருஷம். படகு வந்தால் ஓட வேண்டும், உட்காரச் சொல்ல ஆள் இல்லை.

சின்ன வயதில் எங்கள் ஆத்தா களையெடுக்கப் போகும்போது என் காலை மாட்டு முளையில் கட்டிவிட்டுப் போகும். கயிற்றோடு ஓடி விழுந்த தழும்பு கணுக்காலில் இருக்கிறது. மாடு முட்டியது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். மாடு இல்லை.

உன்னை நான் ஒரு நாளும் கட்டவில்லை. அதை அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

இது உனக்கு மட்டும்.

அப்பா


ஆலங்குடி
2.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

டாக்டருக்கு இல்லை, எனக்கு என்று எழுதியது நான்தான். எழுதிய அன்று அது உண்மை. 27-ஆம் தேதி காலைவரை உண்மை. அன்று உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பீர்கள், 30-ஆம் தேதி போய்விடும்.

டாக்டரம்மா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முழுதும் படித்தார். போர் லாரி வந்த இடத்தில் சிரித்தார். கடைசிப் பக்கத்தில் சிரிக்கவில்லை. “எனக்கு வேண்டியது அத்தனையும் இதுல இருக்கும்மா” என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். பிறகு, “இந்த லெட்டர்ல ரெண்டு பேரு இருக்காங்க. அப்பாவையும் ஒரு தடவ கூட்டிட்டு வா” என்றார்.

பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டது. 15-ஆம் தேதி மறுதேர்வு. மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கலாம், கையில் ரப்பர் பந்து வைத்துக்கொள்ளலாம். கடலைக்கு மட்டும் அனுமதி இல்லை.

நான் செய்தது தப்பு. திரும்ப நடந்தாலும் இதையேதான் செய்வேன். இரண்டையும் எழுதிவிட்டேன்.

ஐம்பத்திரண்டு வயசில் எதற்கு என்று கேட்பீர்கள். பதினொரு வேலையும் ஏன் போயிற்று என்று உங்களுக்குத் தெரிந்துகொள்ள ஆசை இல்லையா? எனக்கு இருக்கிறது. சனிக்கிழமை, 19-ஆம் தேதி, பதினொரு மணிக்கு உங்களுக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பத்தரைக்கு நிற்பேன்.

கலை


ஆலங்குடி
30.7.2025

அப்பா,

19-ஆம் தேதி பத்தரையிலிருந்து ஒன்றரை வரை நின்றேன். அறந்தாங்கிப் பக்கமிருந்து வந்த எல்லா பஸ்ஸையும் பார்த்தேன். கம்பெனிக்குப் போன் பண்ணினால் “ஐஸ் ஏத்துறாரும்மா” என்கிறார்கள். மூன்று தடவையும் அதே பதில்.

நேற்று பஸ் கண்டக்டர் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். நெத்திலிக் கருவாடு. பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அம்மா குழம்பு வைத்தது. “மனுசன் கோவத்துல இருந்தா கருவாடு அனுப்புவாரா?” என்று கேட்டது. எனக்கும் அதுதான் தெரியவில்லை.

தேர்வு நன்றாக எழுதினேன். அதை நீங்கள் கேட்கவே இல்லை.

கோபம் என்றால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தை எடுத்துப் போனவள் நான். பயம் என்றால் நானே மணமேல்குடிக்கு வருகிறேன், சேர்ந்து போவோம். கோபமா, பயமா? கருவாடு வேண்டாம். எதுவென்று எழுதுங்கள்.

கலைமதி