மிஸ்ஸியம்மாவின் சீனக் கோயில்

11-11-76, வியாழன்
காலையிலிருந்து தூறல். மெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. துவைத்த சேலை காயவில்லை. எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள் அப்படியே.

ஞாயிறு ஆராதனையில் வெள்ளைக்கார மிஷனரி மிஸ்ஸியம்மா பேசுகிறார். வாலிபத்தில் சீனாவில் ஊழியம் செய்த நகரம், அங்கே மிஷன் கட்டிய கோயிலின் வரலாறு. ஊர்ப் பேர் என் வாயில் நுழையவில்லை. மிஸ்ஸியம்மாவுக்குச் சீன மொழி தண்ணீர் பட்ட பாடு. தமிழோ 'ஸ்தோத்திரம்', 'சாப்பாடு' தாண்டாது. இங்கிலீஷில் பேசுவார். பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது நான். இங்கிலீஷ் தெரிந்த இன்னொருவர் போதகர். அவருக்கு அன்றைக்கு எஸ்டேட்டில் ஞானஸ்நானம் கொடுக்கும் வேலையாம்.

மூ. பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். (சபை மூப்பர், ஏலக்காய் வியாபாரி. முழுப் பேர் எழுத மை தண்டம்.)

"டீச்சர், மிஸ்ஸியம்மா சொல்றத அப்படியே சொல்லுங்க. கூடக் கொறைய வேணாம்."

போன வருஷம் கல்லறைத் தோட்டத்துக் கேட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்ட ஆள். "இந்துப் பயலக் கட்டுனவளுக்கு இங்க எடமில்ல." பிரசவத்தில் செத்த என் தங்கை எஸ்தர், வெளியே ஜீப்பில், தார்ப்பாய்க்கு அடியில். நல்ல மழை. சிலமலையில் அவள் வீட்டுக்காரர் கருப்பையாவின் கடலைக்காட்டு ஓரத்தில் புதைத்தோம். ஜெபம் நானே சொன்னேன்.

12, வெள்ளி
மதுரை ரயிலில் மிஸ்ஸியம்மா வந்தாயிற்று. முழுக் கதையும் சொன்னார். சாம்பல் நிறச் செங்கல் கோயில், பெண்களுக்குப் பள்ளி, சண்டைக் காலத்தில் உள்ளே குதிரை கட்டிய சிப்பாய்கள், கடைசியில் பூட்டு. சொல்லும்போது அழுதார். பாவமாக இருந்தது.

கோயிலுக்கு இடம் கொடுத்தது ஒரு தேயிலை வியாபாரியாம். வியாபாரி என்றதும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. மூ.வைக் கதைக்குள்ளே உட்கார வைக்க இடம் கிடைத்துவிட்டது.

13, சனி
சோப்பு, கத்திரிக்காய், மண்ணெண்ணெய். கருப்பையா கடலை கொண்டுவந்தார். எஸ்தர் பெற்றுப்போட்டுப் போன பிள்ளைக்கு மேல்பல் முளைத்திருக்கிறதாம். விஷயத்தைச் சொன்னேன்.

"வேணாம் மதினி. செத்தவ திரும்பியா வரப்போறா?"

"வரமாட்டா. அவன் மூஞ்சி சுருங்குறத நான் பாக்கணும்."

14, ஞாயிறு
வெயில். கோயில் நிறையக் கூட்டம். மூ. முன்வரிசை, ஜிப்பா, அத்தர்.

குதிரை வரைக்கும் ஒழுங்காகச் சொன்னேன். பிறகு அம்மா சொல்லாததைச் சொன்னேன். இடம் கொடுத்த வியாபாரி, பிரசவத்தில் செத்த ஒரு பெண்ணைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை, சாவியை மடியில் வைத்துக்கொண்டான் என்று. ஒவ்வொரு தலையாக மூ. பக்கம் திரும்பியது.

மூ. எழுந்தார். ஓடிவிடுவார் என்று பார்த்தால், நேரே வந்து அம்மா காலடியில் மண்டியிட்டு ஓவென்று அழுகிறார். "நாந்தாம்மா அந்தப் பாவி. தலையில கைய வச்சு மன்னிப்புச் சொல்லுங்க." கூட்டம் முழுக்க ஸ்தோத்திரம். பெண்கள் அவருக்காகக் கண்ணைத் துடைக்கிறார்கள். எஸ்தருக்காக ஒருத்தியும் அழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா பதறிப்போய் என்னிடம் கேட்டார், என்ன சொல்கிறார் என்று.

வயிற்றுவலியாம், தாங்க முடியவில்லையாம் என்றேன், இங்கிலீஷில்.

அம்மா கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரை எடுத்து நீட்டினார். மூ. மண்டியிட்டபடியே, திருவிருந்து அப்பம் வாங்குவதுபோல இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார்.